உயரச் சுவர்க் கட்டில்: யாருக்குப் பொருந்தும், வாங்குமுன் எதை அளக்க வேண்டும்

என் மகளுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. நன்றாக நடப்பாள், ஏறுவாள், கையில் கிடைப்பதையெல்லாம் கடிப்பாள். வலிப்பு நோய் உண்டு, பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். நள்ளிரவில் விழித்துக்கொண்டால் நேராக வாசல் கதவுக்குப் போவாள். அது பூட்டியிருந்தால் ஜன்னல் திட்டில் ஏறிவிடுவாள். அவளுக்காக வாங்கிய, நான்கு பக்கமும் உயரமான சுவரும் வெளியே தாழிடும் கதவும் உள்ள கட்டிலைப் பற்றிய மதிப்புரை இது. ஓராண்டுக்கும் மேலாக நானும் மனைவியும் அந்தக் கட்டிலோடுதான் இரவுகளைக் கழிக்கிறோம். தயாரித்தவர்களின் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் பலரும் செய்கிறார்கள், சொல்லப்போவதும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல கட்டில். மறுபடி வாங்க வேண்டி வந்தாலும் இதையே வாங்குவேன். ஆனால் "சிறப்புக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான கட்டில்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. குழந்தைக்கு எது ஆபத்து என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆபத்துக்கு எது கட்டில் என்று தேட வேண்டும். உருண்டு விழும் குழந்தைக்கு ஒன்று, எழுந்து போய்விடும் குழந்தைக்கு இன்னொன்று, புரண்டு படுக்கவே முடியாத குழந்தைக்கு முற்றிலும் வேறொன்று. விற்பவர்கள் இதைக் கேட்காமலே விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது எழுந்து போவது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி 2012-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது சொல்லாமல் வெளியேற முயன்றவர்கள் 49 சதவீதம். இரண்டாவது வலிப்பு. மூன்றாவது கடிப்பது. இந்த மூன்றையும் ஒரே கட்டில் சமாளிக்க வேண்டும், ஒன்றுக்கான தீர்வு இன்னொன்றுக்கு ஆபத்தாகக் கூடாது. சிக்கலே அங்கேதான். வெளியே போகாமல் இருக்க நன்றாக மூடிய கட்டில் வேண்டும். ஆனால் வலிப்பு வந்தால் ஒரு நொடியில் திறக்க வேண்டும், வெளியிலிருந்து முகம் தெரிய வேண்டும். அடிபடாமல் இருக்கப் பஞ்சு வேண்டும். ஆனால் முகம் புதையும் அளவுக்கு மெத்தென்று இருக்கக் கூடாது, பல்லுக்கும் அகப்படக் கூடாது.

சாதாரணக் கட்டிலில் சொருகும் தடுப்பைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். அது எங்களுக்கு ஆகாது. அந்தத் தடுப்புகள் இரண்டிலிருந்து ஐந்து வயது வரை, தானாகவே கட்டிலில் ஏறி இறங்கத் தெரிந்த குழந்தைகளை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. உடல் கட்டுப்பாடு குறைந்த குழந்தையோ வலிப்பு வரும் குழந்தையோ அதற்கும் மெத்தைக்கும் நடுவே நழுவினால், மெத்தை ஒரு பக்கம் நெருக்க, தடுப்பு மறுபக்கம் நெருக்க, தானாக வெளியே வர முடியாது. தரையில் மெத்தை போடுவது நல்ல யோசனைதான், விழுகிற பயம் போய்விடும். ஆனால் எழுந்து நடக்கும் குழந்தைக்கு அப்போது அறை முழுவதும் கட்டிலாகிவிடுகிறது. அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்க வேண்டும், பிளக் பாயின்டை மூட வேண்டும், ஜன்னலுக்குக் கம்பி வேண்டும். அதையெல்லாம் செய்ய முடிந்த வீடுகளில் இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். எங்கள் அறையின் ஜன்னல் அமைப்புக்கு அது சரிப்படவில்லை.

மருத்துவமனைக் கட்டில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் வீட்டில் பழைய கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான மருத்துவக் கட்டிலின் சர்வதேசத் தரம், 146 செ.மீ.க்குக் குறையாத உயரமும் 40 கிலோவுக்குக் குறையாத எடையும் 17-க்குக் குறையாத உடல் நிறை குறியீடும் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) உள்ள ஒருவரைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டிலில் ஆள் சிக்கிக்கொள்ளக்கூடிய ஏழு இடங்களைப் பிரித்துக் காட்டுகிறது. அதில் தடுப்புக் கம்பிகளுக்கு இடையில் 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்கச் சொல்கிறது. அது வளர்ந்தவரின் தலைக்கான அளவு. குழந்தைத் தொட்டிலின் கம்பிகளுக்கு அதே நாட்டில் அனுமதிக்கும் இடைவெளி 6 செ.மீ.தான். பாதி! என் மகளின் உடம்பு 12 செ.மீ. இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்துவிடும், தலை நுழையாது. கால் முதலில் வெளியே போய், இடுப்பும் மார்பும் வழுக்கிப் போய், கடைசியில் கழுத்தில் தொங்க நேரும். குழந்தைகள் கட்டிலில் இப்படிச் சிக்கி இறந்திருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கான மருத்துவக் கட்டிலுக்கென்று தனித் தரம் வந்ததே சமீபத்தில்தான். ஐரோப்பாவில் 2017-ல் இ.என். 50637, அதன் பிறகு சர்வதேச அளவில் ஐ.இ.சி. 80601-2-89. உயரம் 155 செ.மீ. வரையுள்ள குழந்தைகளுக்கானவை இவை. விற்பவரிடம் இந்த எண்களைச் சொல்லி, "உங்கள் கட்டில் இதன்படி சோதிக்கப்பட்டதா, சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சிலர் எண்ணைக் கேட்டதுமே பேச்சை மாற்றுவார்கள். எங்களுக்கு விற்றவர் சோதனை அறிக்கையை அனுப்பினார். அந்தக் கட்டிலைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரி, கட்டிலுக்கு வருகிறேன். மரச்சட்டம். நான்கு பக்கமும் மெத்தைக்கு மேலே அவள் தலையைத் தாண்டும் உயரத்துக்குச் சுவர். கூரை கிடையாது. சுவரின் கீழ்ப்பகுதி கெட்டியான பஞ்சு வைத்து இறுக்கமாகத் தைத்த பலகை. மேல்பகுதி மரச்சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டிய வலை. நீளப் பக்கங்களில் ஒன்று முழுவதும் கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாள், இரண்டும் வெளியே. உள்பக்கத்தில் கால் வைத்து ஏற ஒரு மேடோ குறுக்குக் கட்டையோ கிடையாது. ஏறும் குழந்தைக்கு அதுதான் முக்கியம். சுவரின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நிற்கும்போது தொப்புளுக்கு மேலே சுவரின் விளிம்பு இல்லாவிட்டால், சாய்ந்தாலே உடம்பின் பாரம் வெளிப்பக்கம் போய்த் தலைகீழாகக் கவிழும். வலை தொய்ந்திருந்தால் அதிலேயே கால் விரலை நுழைத்து ஏறிவிடுவார்கள். வலையின் கண்ணில் அவளுடைய சுண்டுவிரல் நுழையுமா என்று கடையிலேயே பார்த்தோம், நுழையவில்லை. நுழைகிற வலையை வாங்காதீர்கள், விரல் மாட்டித் திருகிக்கொண்டால் தாங்க முடியாத வலி.

கூடாரம் போலத் துணியால் மூடி ஜிப் வைத்த கட்டில்களும் இருக்கின்றன. எடை குறைவு, மடித்து ஊருக்குக் கொண்டுபோகலாம். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நிறைய குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்குவது அவற்றால்தான். ஆனால் துணிச்சுவர் என்றால் மெத்தையின் விளிம்பை மட்டும் நன்றாகப் பாருங்கள். துணி வெளியே உப்பினால் மெத்தைக்கும் துணிக்கும் நடுவே ஒரு பை போல் இடம் உண்டாகும், குழந்தை அதற்குள் இறங்கிவிடும். இப்படி ஒரு மூடிய கட்டிலில் குழந்தைகளும் நோயாளிகளும் சிக்கி இறந்ததால், 2005-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தயாரிப்பைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. விலையில் மலிவாகப் பழைய மூடிய கட்டில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு ஆண்டும் கையேடும் இல்லாத மூடிய கட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மெத்தை பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. கட்டிலோடு வரும் மெத்தையை மாற்றினால் கட்டிலே மாறிவிடும். இரண்டு அங்குலம் தடிமன் கூடினால் சுவர் இரண்டு அங்குலம் குட்டையாகிவிடும். அகலம் குறைந்தால் ஓரத்தில் பள்ளம் விழும். மெத்தென்ற மெத்தை என்றால் விளிம்பில் உட்கார்ந்ததும் அமுங்கி, இல்லாத இடைவெளி அப்போது உண்டாகும். அதனால் அளக்கும்போது மெத்தையை வெறுமனே வைத்து அளக்கக் கூடாது. நான் 6 செ.மீ. விட்டமுள்ள மரத்துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டேன். மனைவி மெத்தையின் ஓரத்தில் ஏறி மண்டியிட்டு அழுத்த, நான் நான்கு பக்கமும் நான்கு மூலையும் அந்தத் துண்டை நுழைத்துப் பார்த்தேன். கதவின் கீல் பக்கத்தையும் தாழ்ப்பாள் பக்கத்தையும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே சோதித்தேன். எங்கும் நுழையவில்லை. இதை மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்கிறோம், ஏனென்றால் மெத்தை நாளாக நாளாகச் சுருங்கும், ஆணி தளரும்.

மெத்தை உறை நீர் புகாததாக இருக்க வேண்டும், ஜிப் கால்மாட்டில் மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். எங்கள் உறை நான்கு பக்கமும் இழுபடும் வகை, துடைத்தால் போதும். ஈரம் உள்ளே போகவில்லை. ஆனால் அடியில் பலகை மூடியபடி இருப்பதால் காற்றுப்போக்கு குறைவு. வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி நிறுத்திக் காய விடுகிறோம், இல்லாவிட்டால் அடியில் பூசணம் பிடிக்கும். இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த அடிப்பாகம் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

வலிப்புக்கு வருகிறேன், இதில் கட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அடிபடாமல் காக்கும், அவ்வளவே. வலிப்பு நோயில் எதிர்பாராமல் நேரும் மரணங்கள் பெரும்பாலும் தூக்கத்தில், குப்புறக் கிடந்த நிலையில் நடந்தவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே எந்தக் கட்டில் வாங்கினாலும் கண்காணிப்புக்குப் பதிலாக அது ஆகாது. எங்கள் மகளுக்குத் தலையணை கிடையாது, பொம்மைக் குவியல் கிடையாது, கனமான போர்வை கிடையாது. எடைப் போர்வை சில குழந்தைகளை அமைதிப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் தானே விலக்கிவிடத் தெரியாத குழந்தைக்கு அதைப் போர்த்தவே கூடாது.

சுவரிலுள்ள பஞ்சை முகம் வைத்துப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கை புதைந்தால் வேண்டாம். அமெரிக்காவில் கைக்குழந்தைத் தொட்டிலின் ஓரத்தில் கட்டும் பஞ்சு மெத்தைகளை 2022-ல் சட்டம் போட்டே தடைசெய்தார்கள், மூச்சு அடைக்கிறது என்பதற்காக. பெரிய குழந்தையானாலும் வலிப்புக்குப் பிறகு தலையைத் தூக்கும் தெம்பு இருக்காது, அந்த நேரத்தில் அவளும் கைக்குழந்தைதான். எங்கள் கட்டிலின் பஞ்சு கெட்டி, பலகையோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் விரல்கூட நுழையாது. கேமராவைக் கட்டிலுக்கு வெளியே, சுவரில் மேலே பொருத்தினோம். அதன் வயர் அவள் கைக்கு எட்டாமல் 1 மீட்டருக்கு அப்பால் போகிறது. குழாய் வழி ஊட்டுகிறவர்கள், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி பொருத்துகிறவர்கள், அந்தக் குழாயும் வயரும் வெளியே வருவதற்குத் தனித்துளை இருக்கிறதா என்று கேளுங்கள். கதவிடுக்கில் விட்டு இழுக்கிற வேலை ஆபத்தானது.

அந்தத் தாழ்ப்பாள்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இருட்டில், ஒரு கையால், பதற்றத்தில் திறக்க முடிய வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும், என் அம்மாவையும் சேர்த்து, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து பழக வைத்தேன். சாவி போட்டுப் பூட்டும் கட்டிலை நான் எந்தக் காரணத்துக்கும் ஏற்க மாட்டேன். தீப்பிடித்தால் சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது குறைகள். மேல் தாழ்ப்பாளின் ஸ்பிரிங் சில மாதங்களிலேயே தளர்ந்துவிட்டது. புதியது அனுப்பினார்கள், ஆனால் வருவதற்கு எடுத்துக்கொண்ட நாட்கள் அதிகம். அதுவரை யாராவது ஒருவர் அவளருகிலேயே படுத்தோம். உயிர் காக்கும் பொருளை விற்கிறவர்கள் அதன் உதிரிபாகத்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டாமா? இது எனக்கு இன்னும் ஆறாத கோபம். இரண்டாவது, கதவிலுள்ள பஞ்சுப் பலகையின் மேல்விளிம்பில் இருந்த துணிக் கரையை அவள் கடித்துப் பிய்த்துவிட்டாள். உள்ளே இருக்கும் பஞ்சுத் துகள் வாயில் போவதைப் பார்த்ததும் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு, வழவழப்பான மர விளிம்பு கேட்டு வாங்கினோம். கடிக்கும் குழந்தை என்று முன்னரே சொன்னால் அப்படியே செய்து தருகிறார்கள், அதனால் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, கட்டிலின் உயரம் நிலையானது. உடை மாற்ற, துடைக்க, ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். என் மனைவியின் முதுகு தாங்கவில்லை. நடக்கும் குழந்தை என்பதால் அவளை வெளியே வரவைத்து மாற்றுகிறோம். தூக்கி வைக்க வேண்டிய குழந்தை என்றால், பட்டனை அழுத்தினால் மெத்தை ஏறி இறங்கும் வகையை வாங்குங்கள், இந்த வகை வேண்டவே வேண்டாம். பராமரிப்பவர் முதுகு போனால் அந்தக் குழந்தையைப் பார்க்க யாருமில்லை.

நாலாவது குறை என்று சொல்வதா, தெரியவில்லை. பிள்ளையைச் சுவருக்குள் வைப்பதா என்ற கேள்வியைத்தான் சொல்கிறேன். உறவினர்கள் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். அவர்கள் கேட்டது தவறில்லை. மூடிய கட்டில் பல மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் கட்டுப்படுத்தும் கருவி என்ற கணக்கில்தான் வருகிறது, மருத்துவர் உத்தரவு இல்லாமல் பயன்படுத்த முடியாது. அந்தக் கண்டிப்பு சரிதான். நாங்கள் வாங்குமுன் எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) மருத்துவரும் சேர்ந்து, எதற்காக, எந்த நேரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறு என்னென்ன முயன்று பார்த்தோம் என்பதையும் அதில் எழுதினார்கள். தூங்கும் நேரத்துக்கு மட்டும். அடம் பிடிக்கிறாள் என்று பகலில் ஒருநாளும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதில்லை, சாத்தவும் மாட்டோம். உள்ளிருந்து கதவைத் தட்டினால் எழுந்து போய்த் திறக்கிறோம். தண்ணீருக்கோ கழிவறைக்கோ கூப்பிடுகிறாளா, சும்மா பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமா என்று பார்க்கிறோம். தட்டியும் யாரும் வராத கட்டில் கூண்டுதான், அதற்கு எவ்வளவு நல்ல சான்றிதழ் இருந்தாலும்.

முதலில் பல நாட்கள் பகலில் கதவைத் திறந்து போட்டு, உள்ளே உட்கார்ந்து அவளோடு விளையாடினோம். அவளே ஏறிப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் இரவில் கதவைச் சாத்தினோம். அப்புறம் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வலையில் அறையின் வெளிச்சமும் அசைவும் மங்கலாகத் தெரிவதாலோ என்னவோ, விழித்தாலும் பல இரவுகள் எழாமல் அப்படியே கிடந்து மறுபடி தூங்கிவிடுகிறாள். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. ஸ்மித் மகினிஸ் சிண்ட்ரோம் என்ற அரிய மரபணுக் கோளாறு போன்றவற்றில், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே பகலுக்கு மாறியிருக்கும். அங்கே கட்டில் தூக்கத்தைக் கொண்டுவராது, விழித்திருக்கும் நேரத்தில் அடிபடாமல் காக்கும், அவ்வளவுதான். தூக்கத்துக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். பகலில் தூங்கி வழிந்து, இரவில் வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடும் குழந்தை என்றால் கட்டில் வாங்குமுன், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொருத்துவது சுலபம். இரண்டு பேர் வேண்டும், கதவைத் தாங்கிப் பிடிக்க ஒருவர். திருகுகள் எல்லாம் உள்பக்கம் தெரியாமல் மூடியோடு இருக்கின்றன. துடைக்கவும் சுலபம், வலைப் பகுதியைக் கழற்றித் துவைக்கலாம். ஆனால் திரும்பப் பொருத்தும்போது இழுப்புச் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

இன்னும் முடிவு செய்யாதது வளர்ச்சி. கையேட்டில் போட்டிருக்கும் எடை வரம்புக்கு இப்போதைக்கு நிறைய இடமிருக்கிறது, ஆனால் உயரம் வேகமாகக் கூடுகிறது. சுவர் அவள் மார்பு மட்டத்துக்கு வரும்போது மாற்றுப் பக்கச்சுவர் பொருத்தலாம் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அதை வாய் வார்த்தையாக விடாமல், எந்த அளவுச் சுவர், எத்தனை ஆண்டுகள் வரை கிடைக்கும், தாழ்ப்பாளும் கீலும் எத்தனை நாளில் அனுப்புவார்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் பணம் கட்டுமுன்பே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.